சூடு படும் இடத்துக்கு எந்தப் பசை?

பினாங்கில் உள்ள எங்கள் வீட்டில், கண்ணாடி மூடியின் குமிழ் ஒருநாள் கையோடு கழன்று வந்துவிட்டது. ஹார்ட்வேர் கடையில் சூப்பர் குளூ வாங்கி ஒட்டினேன், கல்லாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து, அம்மா கொதிக்கும் ரசத்தின் மூடியைத் தூக்கியபோது குமிழ் மட்டும் அவர் கையில் நின்றது; மூடி சரிந்து விழ, ரசம் அவர் மணிக்கட்டில் தெறித்துக் கொப்புளித்தது. பசையின் தரத்தில் குறையில்லை. நீராவி படும் இடத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்ததுதான் தவறு. சாதாரண சூப்பர் குளூ ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸிலேயே பிடி தளரத் தொடங்கும். ஈரமும் சேர்ந்தால் இன்னும் விரைவில் விட்டுவிடும்.

ஆகவே, பசையைத் தேடுவதற்கு முன் ஒட்டவேண்டிய இடம் எவ்வளவு சூடாகிறது என்பதைக் கணிக்கவேண்டும். நீர் கொதிப்பது 100 டிகிரியில். பிரஷர் குக்கருக்குள் ஏறத்தாழ 120. வடை பொரிக்கும் எண்ணெய் 180 வரை போகும். வீட்டு அவன் 250 வரை எட்டும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் அந்த இடத்தையே அளந்துவிடலாம். ஆனால் பளபளக்கும் உலோகத்தின் மீது அது குறைத்துக் காட்டும் என்பதால், மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றை ஒட்டி, அதன் மேல் அளப்பது நல்லது.

அடுத்து, டியூப்பில் அச்சிட்டுள்ள வெப்ப அளவை நிதானமாகப் படிக்கவேண்டும். பெரிய எழுத்தில் 600 என்று இருந்தால் அது பாரன்ஹீட்டா என்று பாருங்கள். நம் கணக்கில் அது 315 டிகிரிதான். தொடர்ந்து தாங்கும் வெப்பமும் சிறிது நேரமே தாங்கும் வெப்பமும் வெவ்வேறு; நமக்கு வேண்டியது முதலாவது, அதுவும் நம் தேவையைவிடச் சற்றுக் கூடுதலாக.

இரண்டு டியூப்களைக் கலக்கும் எப்போக்சி, ஒரே வகைப் பொருள்கள் இரண்டைக் கெட்டியாக இணைக்க ஏற்றது. ஐந்தே நிமிடத்தில் இறுகும் வகை பொதுவாகச் சூட்டில் சீக்கிரம் இளகும். மெதுவாக இறுகும், அதிக வெப்பத்துக்கென்றே செய்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடியும் உலோகமும் சேரும் இடத்தில் எப்போக்சியைவிடச் சிலிக்கோனையே நான் நம்புவேன். ஒரு மீட்டர் அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். அதே அளவு சாதாரணக் கண்ணாடி 0.9 மில்லிமீட்டர்தான் நீளும். இந்த இழுபறியில் விறைப்பான பசை விரிசல் விடும். ரப்பரைப்போல் வளையும் சிலிக்கோன் கூடவே நகர்ந்துகொடுக்கும். மோட்டார் உதிரிபாகக் கடைகளில் கேஸ்கெட்டுக்கென, அதாவது இன்ஜின் இணைப்புகளில் கசிவை அடைப்பதற்கென, விற்கும் சிவப்புச் சிலிக்கோனில் பல வகைகள் 250 டிகிரியைத் தொடர்ந்து தாங்குகின்றன. உணவு படும் இடத்தில் அதைப் பூசாதீர்கள். குளியலறைச் சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும் என்பதால் அதுவும் அங்கே ஆகாது.

அதற்கும் மேல் சூடேறும் அடுப்புச் செங்கல் போன்றவற்றுக்குத் தீச்சாந்து என்ற சிமெண்ட் போன்ற பூச்சு உண்டு. 1000 டிகிரியைத் தாங்கும், ஆனால் அசைவைத் தாங்காது.

எந்தப் பசையானாலும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. சோப்பு நீரில் கழுவி, மணல்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே பூசுங்கள். சிலிக்கோன் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. நம் ஊர்க் காற்றில் மேல்தோல் விரைவில் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே 3 மில்லிமீட்டர் இறுக ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அதுவரை அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள்.

கேஸ் குழாய், ரெகுலேட்டர், பிரஷர் குக்கரின் மூடி ஆகியவற்றைப் பசையால் சரிசெய்யவே கூடாது. பழுதான பாகத்தை மாற்றிவிடுங்கள். கண்ணாடி மூடிக்கும் அப்படியே: திருகாணியோடு சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் புதுக் குமிழைத்தான் இப்போது எங்கள் வீட்டில் பொருத்துகிறோம்.