எரிமலை பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் எழுதப் புதிதாக வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. எரிமலை என்றால் எல்லோரும் ஆசையாக எழுதுவார்கள். வெளியே வழியும் பாறைக்குழம்பான லாவாவையும் நிலத்தடியில் இருக்கும் பாறைக்குழம்பான மாக்மாவையும் மாற்றிப் போடுவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன், பேனாவால் ஒரு கோடு போட்டால் அவை சரியாகிவிடும். செயல்படும், உறங்கும், செயலிழந்த என்று மூன்று நிலைகளைச் சொல்ல வரும் இடத்தில்தான் ஆள் மாற்றி ஆள் ஒரே குழியில் விழுகிறார்கள்.

மூன்றையும் படிக்கட்டாக வரைவது

சமீபத்தில் வந்த ஒரு கட்டுரையில் மூன்று பெட்டிகள், நடுவே இரண்டு அம்புகள், இரண்டும் ஒரே திசையில். இளமை, முதுமை, மரணம் என்று மனிதனுக்குப் போடும் கணக்கை மலைக்கும் போட்டிருந்தார். அந்தமானின் பாரன் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1787இல் அது புகைவதைக் கப்பலில் போனவர்கள் பதிவு செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சத்தமில்லை. 1991இல் மறுபடி வெடித்தது, அதற்குப் பிறகும் விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருக்கிறது. அம்பை இரண்டு பக்கமும் போடுங்கள்.

‘உறங்குகிறது’ என்றால் ‘பயமில்லை’ என்று எடுத்துக்கொள்வது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது. ஒருமுறை ஒரு பயணக் கட்டுரை திருத்த வந்தது. “இது உறங்கும் எரிமலைதான், குழந்தைகளோடு வாய் வரைக்கும் ஏறிப் பார்க்கலாம்” என்று எழுதியிருந்தார். அந்த ‘தான்’ என்ற ஈரெழுத்தில் உயிர் போய்விடும். எழுதியவரைக் கூப்பிட்டு ஒன்தகே மலையின் கதையைச் சொன்னேன்.

ஜப்பானில் நகானோ, கிஃபு மாகாணங்களின் எல்லையில் இருக்கும் மலை அது, உயரம் 3,067 மீட்டர். வெடித்ததாகப் பதிவே இல்லாததால் செத்த மலை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1979இல் வெடித்தது. இந்த மூன்று பெட்டிகளை நம்பக்கூடாது என்று ஜப்பானிய நிபுணர்கள் யோசிக்க அது ஒரு முக்கியக் காரணம். சரி, பாடம் படித்தாகிவிட்டது என்றுதானே நினைப்போம்?

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இலைகள் சிவக்கும் பருவம், நல்ல வெயில், உச்சியில் கூட்டம். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. 11:52க்கு மலை வெடித்தது. 58 பேர் இறந்தார்கள், 5 பேர் கிடைக்கவே இல்லை. அன்று காலை அங்கே இருந்த எச்சரிக்கை நிலை 1. அதற்கு அதிகாரபூர்வமாகக் கொடுத்திருந்த விளக்கம் ‘இயல்பு’. இரண்டு வாரத்துக்கு முன்பே சிறு நிலநடுக்கங்கள் கூடியிருந்தன, ஆனால் எச்சரிக்கையை உயர்த்த அது போதவில்லை. எரிமலைக்கே உரிய தொடர் அதிர்வு கருவியில் பதிவானது வெடிப்புக்கு 11 நிமிடம் முன்பு. அந்த 11 நிமிடத்தில் உச்சியிலிருந்து எங்கே இறங்குவது?

ஏன் அவ்வளவு குறுகிய அவகாசம் என்பதையும் எழுத வேண்டும். புதிய மாக்மா மேலே வர வேண்டுமானால் பாறையை உடைத்துக்கொண்டுதான் வர வேண்டும். நிலம் அதிரும், வீங்கும், வாயு கூடும். பிலிப்பைன்ஸின் பினாடுபோ அப்படித்தான் வந்தது. சுமார் 500 ஆண்டுகள் அடங்கிக் கிடந்து காடு மூடிய மலை. 1991 ஏப்ரல் தொடக்கத்தில் நீராவி வெடிப்புகள் தொடங்கின, ஜூன் 15இல் பெருவெடிப்பு. இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் கிடைத்ததால் பல்லாயிரம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்த முடிந்தது. ஒன்தகேயில் நடந்தது வேறு. மலைக்குள் இருந்த நீர் சூடேறி, நீராவியாகி, பாறையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அதற்குப் புதிய மாக்மா மேலே ஏறி வர வேண்டிய அவசியமே இல்லை. எனவே முன்னறிவிப்பும் சொற்பம்.

ஒன்தகே வெடிப்புக்கு அடுத்த ஆண்டு அந்த நிலை 1இன் விளக்கத்தை ஜப்பான் மாற்றியது. இப்போது ‘இயல்பு’ இல்லை. ‘இது செயல்படும் எரிமலை என்பதை மனதில் கொள்ளவும்’. அந்தப் பயணக் கட்டுரையிலும் அதே மாதிரி ஒரு வாக்கியத்தைப் போடச் சொன்னேன். “அழகு போய்விடும் சார்” என்றார். போகட்டும் என்றேன்.

யார் போட்ட வகை என்று சொல்லாமல் விடுவது

ஃபூஜி 1707க்குப் பிறகு வெடிக்கவில்லை. உடனே ‘உறங்கும்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஜப்பான் வானிலை முகமையின் கணக்கில் கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் வெடித்திருந்தாலோ, இப்போது தீவிரமாக வாயு கக்கினாலோ அது செயல்படும் எரிமலைதான். அந்தப் பட்டியலில் 111 இருக்கின்றன, ஃபூஜியும் உண்டு. இந்தோனேசியாவில் 1600க்குப் பிறகு வெடித்ததா இல்லையா என்பது கோடு. சுமத்ராவின் சினபுங் அந்தக் கோட்டுக்கு அப்பால், இரண்டாம் வகையில் இருந்தது. 2010இல் வெடித்ததும் முதல் வகைக்கு மாற்றினார்கள். மலையடிவாரத்துக்காரர்களுக்கு எந்த வகையாக இருந்தால் என்ன, வீட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது.

காலத்தை மட்டும் எண்ணி ‘செயலிழந்தது’ என்பது

ஹவாயின் மௌனா கேயா வெடித்துச் சுமார் 4,500 ஆண்டுகள் ஆகின்றன, இன்னமும் அதை உறங்கும் எரிமலை என்றுதான் சொல்கிறார்கள். அதே தீவுக்கூட்டத்தின் காவாய் தீவைச் செயலிழந்தது என்று தைரியமாக எழுதலாம். தீவுகளைச் சுமக்கும் பசிபிக் கடலடிப் பாறைத் தட்டு வடமேற்காக நகர்ந்து, மாக்மா ஊறும் இடத்தைவிட்டு அதை வெகுதூரம் கொண்டுபோய்விட்டது. ஊற்று அறுந்ததா என்று பாருங்கள். ஆண்டுக் கணக்கு அதற்கு அப்புறம்தான்.

‘கெடு தாண்டிவிட்டது’

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலை பற்றி எழுதும் எல்லோரும், அது வெடிக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். எரிமலைக்குத் தவணை கிடையாது.

பாரடாங்கையும் சேர்ப்பது

அந்தமானின் பாரடாங்கில் கொப்பளிப்பது சேறும் வாயுவும். மாக்மா இல்லை. எரிமலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.