டிரெய்லர் இழுக்காத நாட்களில் ஹிட்ச்சைக் கழற்றி வைக்கும் முறை

பிக்கப் வண்டியில் டிரெய்லரை இழுத்துச் சென்று வேலையை முடித்தபின், டிரெய்லரை மட்டும் அவிழ்த்துவிட்டு, அது மாட்டிக்கொள்ளும் உருண்டையைத் தாங்கும் இரும்புத் தண்டை (பேச்சுவழக்கில் ஹிட்ச்) பம்பருக்கு வெளியே அப்படியே நீட்டிக்கொண்டிருக்க விட்டுவிடுவது பலரின் வழக்கம். அடுத்த வாரம் மறுபடியும் மாட்டத்தானே வேண்டும் என்று நினைத்து நானும் பல மாதங்கள் விட்டிருக்கிறேன். கழற்றுவதற்கு இரண்டு நிமிடம் போதும் என்பதும், கழற்றாமல் விட்டால் அதே வேலை அரை நாளை விழுங்கிவிடும் என்பதும் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வண்டியின் சேஸியில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும் சதுரக் குழாய்க்கு ரிசீவர் என்று பெயர்; அது எப்போதும் வண்டியோடுதான் இருக்கும். அதற்குள் செருகி, குறுக்கே ஒரு பின்னைக் கோத்து நிறுத்துகிற தண்டு பால் மவுண்ட் எனப்படும். கழற்ற வேண்டியது இந்தத் தண்டை மட்டுமே. 2 அங்குல ரிசீவருக்கு வழக்கமாக 5/8 அங்குலத் தடிமனுள்ள பின் வரும்.

நிறுத்திய வண்டியில் இந்தத் தண்டு ஒரு சாண் அளவுக்கு, ஏறக்குறைய முழங்கால் மட்டத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டியபின் பின்கதவைத் திறக்க வருபவரின் கால் எலும்பு நேராக அதில்தான் போய் மோதும். சுவரை ஒட்டி ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பர் தொடுவதற்கு முன்பே உருண்டை சுவரைத் தொட்டுவிடும். பின்புற சென்சார் உள்ள வண்டிகளில் சில, இந்தத் தண்டையே தடையாக எண்ணி ஓயாமல் ஒலி எழுப்பும். அந்தத் தொல்லைக்காக சென்சாரை அணைத்து வைப்பவர்கள் உண்மையான தடை வரும்போது எச்சரிக்கையை இழக்கிறார்கள். நம்பர் பிளேட்டின் ஓர் எழுத்தை உருண்டை மறைத்தால் அதற்கு அபராதம் விதிக்கும் இடங்களும் உண்டு.

பின்னால் வரும் வண்டி இடித்தால் ஹிட்ச் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மிக மெதுவான இடியில் பம்பரின் பிளாஸ்டிக் கீறாமல் தப்பலாம் என்பது உண்மைதான். ஆனால் பம்பரும் அதன் பின்னால் இருக்கும் தாங்கிகளும் நசுங்கி விசையை உள்வாங்குவதற்காகவே வைக்கப்பட்டவை. வெளியே நீட்டிய தண்டில் முதல் அடி விழும்போது அந்த விசை அவற்றைத் தாண்டி நேரே சேஸிக்குப் போகிறது. பம்பரை மாற்றிவிடலாம், வளைந்த சேஸியை நிமிர்த்துவது வேறு கதை. இடித்த வண்டியின் ரேடியேட்டர் வரை அந்த உருண்டை துளைத்துக்கொண்டு போகவும் கூடும்.

கழற்றும் முறை எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டிரெய்லரின் மின்கம்பியும் பாதுகாப்புச் சங்கிலிகளும் அவிழ்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னின் முனையில் இருக்கும் கிளிப்பை உருவி, உடனே சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் வைத்த கிளிப் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. பிறகு ஒரு கையால் தண்டை அடியில் தாங்கியபடி, மறு கையால் பின்னை இழுத்து எடுங்கள். தண்டின் எடை பார்ப்பதற்குத் தெரிவதைவிட அதிகம். கெட்டியான காலணி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மாதக்கணக்கில் உள்ளேயே இருந்த தண்டு இப்படி எளிதாக வராது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் கூடுவதால், தண்டுக்கும் குழாய்க்கும் இடையில் இருந்த மெல்லிய இடைவெளி முழுவதும் துருவால் நிரம்பி, இரண்டும் ஒரே துண்டுபோல இறுகிவிடும். என் வண்டியில் பின் எளிதாக வந்துவிட்டது. தண்டோ மயிரிழைகூட அசையவில்லை. துருவில் ஊடுருவும் எண்ணெயைக் குழாயின் வாயிலும் பின் துளைகளிலும் தெளித்து, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் தெளித்து, சுத்தியலால் தண்டின் இரு பக்கங்களிலும் மாறி மாறித் தட்டினேன். முதலில் கெட்டியான பாறையில் அடிப்பது போலிருந்த ஓசை, கொஞ்ச நேரத்தில் சற்றே தளர்ந்து கேட்டது. செந்நிறத் துருச் செதில்கள் உதிரத் தொடங்கியபோதுதான் நம்பிக்கை வந்தது. ரிசீவரின் உட்பக்க முனை திறந்திருந்தால், அதன் வழியாக ஒரு கம்பியை நுழைத்து உள்ளிருந்து வெளியே அடிப்பது இன்னும் நல்லது.

இந்த இடத்தில் பொறுமை இழந்து செய்யக்கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. நெருப்பால் சூடாக்குவது ஒன்று; பக்கத்திலேயே எரிபொருள் தொட்டியும் மின்கம்பிகளும் இருக்கின்றன, எண்ணெய் வேறு தெளித்திருக்கிறோம். உருண்டையில் சங்கிலியைக் கட்டி வேறொரு வண்டியால் வெடுக்கென்று இழுப்பது மற்றொன்று. உருண்டை அப்படிப்பட்ட திடீர் இழுப்புக்குச் செய்யப்பட்டதல்ல. முறிந்தால் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும், அதனால் உயிரிழந்தவர்களும் இருக்கிறார்கள்.

கழற்றியதும் தண்டையும் குழாயின் உட்புறத்தையும் கம்பி பிரஷால் தேய்த்துத் துடைத்து, மெல்லியதாக கிரீஸ் பூசுங்கள். மணலும் புழுதியும் மிகுந்த தடங்களில் ஓடும் வண்டி என்றால் கிரீஸ் அவற்றைப் பிடித்துக்கொண்டு அரைக்கும் பசையாகிவிடும். அதற்கு ஈரப்பசை இல்லாத மசகுப் பொருளே பொருத்தம். குழாயின் வாயை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டால் சேறும் நீரும் உள்ளே போகாது. மின் சாக்கெட்டின் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஹிட்ச்சில் கவனம் வைப்பவர்கள்கூட இதை மறந்துவிட்டு, பிறகு டிரெய்லர் விளக்கு எரியவில்லை என்று தேடுவார்கள்.

கழற்றிய தண்டை இருக்கைக்கு அடியில் சும்மா போட்டு வைப்பது ஆபத்து, ஏனெனில் திடீரென்று பிரேக் அடித்தால் அது கேபினுக்குள் பறக்கும். பட்டையால் கட்டியோ, கருவிப் பெட்டியில் பூட்டியோ, வீட்டில் உலர்ந்த இடத்திலோ வையுங்கள்.

தினமும் இழுப்பவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. அவர்கள் வாரம் ஒரு முறை தண்டை உருவித் துடைத்துச் செருகினால் போதும். பம்பரிலேயே உருண்டை பொருத்தப்பட்டிருந்து கழற்ற வழியில்லாதவர்கள், பளிச்சென்ற நிறத்தில் ஒரு மூடியை மாட்டலாம். பழைய டென்னிஸ் பந்தில் ஒரு கீறல் போட்டுக் கவிழ்த்தாலும் கால்களுக்குப் பாதுகாப்புத்தான்.

மீண்டும் பொருத்தும்போது, உருண்டையின் அடியில் இருக்கும் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குறுக்கே கோத்த பின்னின் முனை மறுபக்கம் முழுவதுமாக வெளியே வந்து கிளிப் மாட்டியிருப்பதை விரலால் தொட்டு உறுதி செய்யுங்கள். 1⅞, 2, 2 5/16 அங்குலம் என்று உருண்டைகள் பல அளவுகளில் வருவதால், மேலே பொறித்திருக்கும் எண்ணும் டிரெய்லரின் முனையில் உருண்டையைக் கவ்வும் கப்ளரில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சிறிய உருண்டையின் மேல் பெரிய கப்ளர் நன்றாக உட்கார்ந்துவிட்டது போலத்தான் தோன்றும், முதல் பள்ளத்தில் கழன்று எழும்பும்.