பால்ரூம் கல்ச்சர் எப்படி வெளிய வந்துச்சுன்னு புரியணுமா, இந்த வரிசைல பாருங்க

வோகிங் (மாடலுங்க போஸ் குடுக்கற மாதிரி ஆடற டான்ஸ்) பத்தி தெரிஞ்சுக்கணும்னா பாதி பேர் நேரா மடோனாவோட 'வோக்' பாட்டுக்குத்தான் போறாங்க. அத கொஞ்சம் தள்ளி வைங்க, அது 1990ல வந்தது, அதுக்கு ரொம்ப முன்னாடியே நியூயார்க் ஹார்லெம்ல பால் (ball, கறுப்பின, லத்தீன் கே, டிரான்ஸ் ஆளுங்க டிரஸ், நடை, டான்ஸ்னு போட்டி போடற நிகழ்ச்சி) நடந்துட்டுதான் இருந்துச்சு, அதச் சுத்தி வளந்ததுதான் பால்ரூம் கல்ச்சர்.

முதல்ல 1968ல வந்த 'த குயீன்' டாக்குமென்டரி பாருங்க. முழுசா பாக்க பொறுமை இல்லன்னா கடைசி பகுதி மட்டுமாவது. டிராக் (ஆம்பளைங்க பெண் வேஷத்துல வர்ற) அழகிப்போட்டில தோத்த கிரிஸ்டல் லபேஜா, ரிசல்ட் முன்னாடியே முடிவு பண்ணதுன்னு மேடைக்குப் பின்னாடி வெளுத்து வாங்குவாங்க. கறுப்பின டிராக் குயீன்களுக்கு அந்தப் போட்டிகள்ல நியாயம் கிடைக்காதுங்கற கோவம்தான் அது. அதுக்கப்புறம் 1970கள் தொடக்கத்துல ஹவுஸ் ஆஃப் லபேஜா வந்துச்சு, அப்படியே மத்த ஹவுஸ்களும் வந்துச்சு. ஹவுஸ்னா வெறும் டீம் இல்லங்க, வீட்ட விட்டு தொரத்தின பசங்களுக்கு மதர், ஃபாதர்னு ஆளுங்க இருக்கற குடும்பம்.

அடுத்தது 1990ல வந்த 'பாரிஸ் இஸ் பர்னிங்', பால் பத்தின டாக்குமென்டரி. பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பால்ல கேட்டகரி கேட்டகரியா நடப்பாங்க, ஜட்ஜுங்க 10 காட்டினா உள்ள, ஒருத்தர் சாப் (chop, வெட்டு) பண்ணிட்டாலும் வெளிய, அவ்ளோதான். ரியல்னெஸ் (அசல் ஆள் மாதிரியே தெரியணும்ங்கற கேட்டகரி) வரும்போது மட்டும் கவனமா பாருங்க. ஆபீஸ் எக்ஸிக்யூட்டிவ் மாதிரியோ மிலிட்டரிக்காரர் மாதிரியோ டிரஸ் பண்ணி நடக்கறத மாறுவேஷப் போட்டின்னு நினைச்சா மேட்டரே போச்சு, ரோட்ல யாரும் கண்டுபிடிச்சு அடிக்காம வீடு போய் சேர்றதுக்கும் அதே திறமைதான் வேணும். படத்துல வர்ற வீனஸ் எக்ஸ்ட்ராவகன்சாவ 1988ல கொலை பண்ணிட்டாங்க, ஷூட்டிங் முடியறதுக்குள்ளயே.

இங்கதான் பணம் எங்க போச்சுன்னு பாக்கணும் (என்னக் கேட்டா வெளிய வந்த கதையோட முக்கியமான பாகமே இதுதான்). படம் பல மில்லியன் டாலர் வசூல் பண்ணுச்சு, அதுல வந்தவங்க கேட்டு சண்டை போட்டப்புறம் 13 பேருக்கு சேத்து சுமார் 55,000 டாலர் பிரிச்சுக் குடுத்தாங்க.

இப்ப மடோனா. அந்த வீடியோல ஆடுற ஹோசே, லூயிஸ் ரெண்டு பேரும் ஹவுஸ் ஆஃப் எக்ஸ்ட்ராவகன்சாக்காரங்க, டான்ஸ் அமைச்சதுலயும் அவங்க பங்கு இருக்கு. ஆனா பாட்டுல வர்ற பேர் லிஸ்ட்ட கவனிங்க, கிட்டத்தட்ட எல்லாம் பழைய ஹாலிவுட் ஸ்டாருங்க, ஒரு பால்ரூம் ஆள் பேர் கூட கிடையாது. கையோட பால்ரூம்ல வோகிங்குக்கு பேர் போன வில்லி நின்ஜா ஆடின பழைய வீடியோவும் தேடிப் பாருங்க, வித்தியாசம் சொல்லாமலே தெரியும்.

பால்ரூம் ஆளுங்கள வச்சு எடுத்த 'போஸ்' சீரியல கடைசில வைங்க. 2018ல வந்துச்சு, மூணு சீசன், டிரான்ஸ் பெண் கேரக்டர்கள டிரான்ஸ் நடிகைகளே பண்ணாங்க, பில்லி போர்ட்டருக்கு 2019ல எம்மி கிடைச்சுச்சு. அழகா இருக்கும், ஆனா கொஞ்சம் பாலிஷ் போட்ட கதை, அதனாலதான் டாக்குமென்டரிக்கு அப்புறம் பாக்க சொல்றேன்.

இவ்ளோ பாத்தப்புறம் யூடியூப்ல இப்ப நடக்கற வோக் ஃபெம் (பெண்மையான அசைவு தூக்கலா இருக்கற வோகிங்) பேட்டில் ஏதாவது போட்டு, கை, கேட்வாக், டக்வாக் (குந்திட்டே நடக்கறது), ஸ்பின் அண்ட் டிப் (சுத்திட்டு பின்பக்கமா தரைல விழறது), ஃப்ளோர் (தரைல ஆடறது)னு அஞ்சும் வருதான்னு பாருங்க. மைக் புடிச்சிருக்கற கமென்டேட்டர் சத்தத்துக்கு டிப் கரெக்டா விழுதான்னும் பாருங்க, கூட்டம் கத்தறது அதுக்குத்தான்.