பெயின்ட்பால் குண்டுக்குத் தெர்மாகோல் பெட்டி

சாயம் நிறைந்த குண்டுகளால் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடும் பெயின்ட்பாலில், வார இறுதிப் பெரிய ஆட்டத்துக்குக் குழுவாகப் போகிறீர்களா? குண்டுகளைக் கார் டிக்கியில் போடாமல், மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியில் வைத்து நிழலில் வையுங்கள். மீன்கடையில் கேட்டால் பழைய பெட்டி கிடைக்கும், கழுவிக் காயவைத்தால் போதும்.

குண்டின் மேலோடு ஜெலட்டின், மருந்து கேப்சூல் மாதிரிதான். திருநெல்வேலி சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி, உருண்டை வடிவம் கெட்டு, துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே உடையும். அப்புறம் ஆட்டம் முழுக்கக் குழலைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்! 2000 குண்டுப் பெட்டி வீணானால் செலவும் கொஞ்சமல்ல.

ஐஸ் மட்டும் போடாதீர்கள். ஈரம் பட்டால் ஓடு உப்பிவிடும். ரொம்பக் குளிர்ந்தால் நொறுங்கும்.

குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் இந்தப் பெட்டியால் பெரிய பயனில்லை. அங்கே தொல்லை ஈரக்காற்றுதான். குண்டுகள் இருக்கும் பையின் வாயை இறுக்கிக் கட்டி, தேவைக்கு மட்டும் பிரியுங்கள்.