டேபிளில் எத்தனை வரிசைகள்? பைத்தானில் எண்ணும் முறை

பைத்தானுக்குப் புதியவர்கள் ஒரு டேட்டாபேஸ் டேபிளின் வரிசைகளை எண்ணப் பெரும்பாலும் செய்வது இதுதான்: எல்லாவற்றையும் ஃபெட்ச்ஆல் போட்டு இழுத்து, வந்த லிஸ்ட்டை லென் வைத்து எண்ணுவது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நூறு வரிசை இருக்கும்வரை குறையே தெரியாது. பத்து லட்சம் ஆனால், ஒரே ஓர் எண்ணுக்காக அத்தனையும் மெமரியில் வந்து உட்காரும். எண்ணும் வேலையை டேட்டாபேஸிடமே விட்டுவிடலாம்.

படி 1: பைத்தானுடன் சேர்ந்தே வரும் எஸ்கியூலைட்3 மாட்யூலை இம்போர்ட் செய்து, டேட்டாபேஸ் கோப்பின் பெயரைக் கொடுத்து கனெக்ட் செய்யுங்கள்.

படி 2: எக்ஸிக்யூட்டுக்குள் குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) எழுதுங்கள். செலெக்ட் கவுண்ட், உடனே அடைப்புக்குறிக்குள் நட்சத்திரக் குறி, பிறகு ஃப்ரம், டேபிளின் பெயர். அவ்வளவுதான்.

நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு நெடுவரிசையின் பெயரைப் போட்டால் கணக்கு மாறலாம், கவனம். அந்த நெடுவரிசையில் நல் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) இருக்கும் வரிசைகள் எண்ணிக்கையில் சேராது. நூறு பேரில் முப்பது பேருக்கு ஃபோன் எண் பதிவாகவில்லை என்றால், ஃபோன் நெடுவரிசையை எண்ணும்போது 70தான் வரும். எர்ரர் எதுவும் வராது என்பதால், தப்பு நடந்ததே தெரியாது.

படி 3: ஃபெட்ச்ஒன் போடுங்கள். எண் நேராக வராது. ஒரே மதிப்புள்ள டூப்பிளாக (மாற்ற முடியாத லிஸ்ட் மாதிரி) வரும். பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் 0 போட்டு எடுக்க வேண்டும். வரிசை எண்ணிக்கை சொல்ல ரோகவுண்ட் என்று ஒன்று இருக்கிறதே என்றால், இந்த மாட்யூலில் செலெக்ட் குவெரிக்கு அது -1 என்றுதான் சொல்லும்.

படி 4: குறிப்பிட்ட வரிசைகள் மட்டும் வேண்டுமா? குவெரியில் வேர் (நிபந்தனை சொல்லும் பகுதி) சேர்த்து, மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வையுங்கள். மதிப்பைத் தனியாக டூப்பிளில் கொடுங்கள். குவெரி ஸ்ட்ரிங்கோடு ஒட்டினால், வெளியார் தங்கள் கட்டளையைக் குவெரிக்குள் நுழைக்கும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்குக் கதவைத் திறந்த மாதிரி. வேரில் வரும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் பட்டியல்) இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

டேபிள் மிகப் பெரிதானால் கவுண்ட்டும் மெதுவாகும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி (தரவைச் சேமிக்கும் எஞ்சின்) இரண்டுமே மொத்த எண்ணிக்கையைத் தயாராக எழுதி வைப்பதில்லை. ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைத் தொகுதிகளுக்கு, அதாவது டிரான்ஸாக்‌ஷன்களுக்கு வெவ்வேறு வரிசைகள் தெரியலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் எண்ணியாக வேண்டும். தோராயம் போதும் என்றால், போஸ்ட்கிரெஸில் பிஜி_கிளாஸ் என்ற சிஸ்டம் டேபிளின் ரெல்டப்பிள்ஸ் நெடுவரிசையைப் பாருங்கள். கடைசியாக வேக்யூமோ அனலைஸோ (டேபிளைப் பராமரிக்கும் கட்டளைகள்) ஓடியபோது போட்ட மதிப்பீடு அது.

அப்புறம், ஒரு வரிசையாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் கவுண்ட்டே வேண்டாம். எக்ஸிஸ்ட்ஸ் போடுங்கள், முதல் வரிசை கிடைத்ததுமே தேடலை நிறுத்திவிடும்.