டெங்கு காய்ச்சலா? தகவலைச் சரிபார்ப்பதும் மருத்துவரிடம் செல்லும் நேரத்தை அறிவதும்

மழைக்காலத்தில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் நாம் கைபேசியில் தேடத் தொடங்குகிறோம். தேடுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பத்து அறிவுரைகள் வந்துவிடுகின்றன. அவற்றுள் எதை ஏற்பது, எப்போது தேடலை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புவது என்பதை டெங்குவை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

முதல் படி: காய்ச்சல் தொடங்கிய நாளை எழுதி வையுங்கள்

நாள் தெரியாமல் எந்தத் தகவலும் பயன்படாது. இரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை பெரும்பாலும் முதல் ஐந்து நாட்களுக்குள்தான் நோயைக் காட்டும். அதன்பின், வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனையே பொருத்தமானது. உடல் வெப்பநிலை, கொடுத்த மாத்திரை, சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சொல்பவர் யார் என்று பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகம், தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். எழுதியவர் பெயரோ தேதியோ இல்லாத செய்தியையும், இறுதியில் ஒரு மருந்தை விற்க முயலும் காணொளியையும் ஒதுக்கிவிடலாம்.

மூன்றாம் படி: அந்தத் தகவல் உண்மையான ஆபத்தைப் பற்றிப் பேசுகிறதா?

இதுவே மிக முக்கியமான படி என்று கருதுகிறேன். பப்பாளி இலைச் சாறு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) உயர்த்தும் என்ற செய்தியை எடுத்துக்கொள்வோம். தட்டணுக்கள் சற்று விரைவாகக் கூடுவதாகச் சில ஆய்வுகள் கூறினாலும், அது நோய் தீவிரமாவதைத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை. டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிந்து இரத்த அழுத்தம் வீழ்வதால் நேர்கிறது. ஆகவேதான் மருத்துவர்கள் தட்டணு எண்ணிக்கையோடு, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் அளவையும், நாடித் துடிப்பையும், இரத்த அழுத்தத்தையும் சேர்த்தே கவனிக்கிறார்கள். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பேசும் செய்தி, அது உண்மையாகவே இருந்தாலும், பாதி விஷயத்தையே சொல்கிறது.

நான்காம் படி: மருந்துக்கடையில் கவனம்

காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பதால், உடல்வலிக்கென்று கூட்டு மாத்திரை தந்தால் அதில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் செல்லும் நேரம்

காய்ச்சல் இரண்டு நாட்களில் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் முதல் நாளே செல்ல வேண்டும்.

பலரும் அறியாத ஒன்று உண்டு: டெங்குவின் அபாயக் கட்டம் பொதுவாகக் காய்ச்சல் இறங்கும் வேளையில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், தொடங்கி ஓரிரு நாட்கள் நீடிக்கிறது. உடல் குளிர்ந்துவிட்டது என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப நினைக்கும் அந்த நேரத்தில்தான் கூடுதல் விழிப்பு வேண்டும். கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், மூச்சிரைப்பு, கை கால் சில்லிட்டுப்போதல், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது அமைதியின்மை, பல மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது.

பொதுவான ஐயங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். மேற்சொன்ன அறிகுறிகள் வந்துவிட்டால், இரவானாலும், 108ஐ அழைத்து, நோயாளியை உள்நோயாளியாகச் சேர்த்துக் கண்காணிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு செல்லுங்கள்.