மெமோகிராம் எடுக்கப் பழகுகிறவர்கள் விடும் பிழைகள்

இடது வலது குறியை மாற்றிப் போடுவது, பெயரைப் பிழையாகப் பதிவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள். கொழும்பில் மெமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்-ரே, எடுக்கப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளோடு நிற்கும்போது, நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே அவர்களும் விடுவதைப் பார்க்கிறேன். அதில் ஒன்று எனக்கு இன்றைக்கும் எரிச்சலைக் கிளப்பும்.

கம்பியை இறுக்கிப் பிடிக்கச் சொல்வது

மெஷினைச் சரித்துச் சரிவாகப் படம் எடுக்கும்போது, அதிலுள்ள கைபிடிக் கம்பியைக் காட்டி, "அம்மா, கம்பியை நல்லா இறுக்கிப் பிடியுங்கோ" என்பார்கள். இறுக்கினால் மார்புத் தசை விறைக்கும். அதை ஒட்டியிருக்கும் பின்பக்கத் திசுவும் முன்னுக்கு வராது. படத்துக்குள் வராததை எந்த ரேடியோலஜிஸ்ட்டாலும் பார்க்க முடியாது.

வெள்ளவத்தை அம்மா ஒருவருக்கு இப்படித்தான் தசை மேல் மூலையில் வெறும் கீற்றாக விழுந்திருந்தது. "பரவாயில்லைதானே அக்கா" என்றாள் பழகவந்த பிள்ளை. சேலை கட்டி முடித்துவிட்ட அம்மாவைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. முழங்கையை மடித்து, கையைச் சும்மா வைத்து, தோளைத் தொங்கவிடச் சொன்னேன். தசை முலைக்காம்பு மட்டம்வரை இறங்கியது. அதன் முன்னால், முதல் படத்தில் இல்லாத ஒரு சின்ன உருண்டை! ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி என்று வந்தது. அதற்காக முதல் படம் சரியாகிவிடாது.

எல்லோருக்கும் மெஷினை 45 பாகை சரித்து வைப்பதும் இதே சோம்பல்தான். ஒல்லியாக உயர்ந்தவருக்கு 50, 60 பாகை கேட்கும். கட்டையாகப் பருத்தவருக்கு 40 பக்கம் போதும். முலைக்காம்பிலிருந்து பின்பக்கம் வரையான தூரத்தைச் சரிவுப் படத்திலும் மேலிருந்து எடுத்த படத்திலும் அளந்து பாருங்கள். மேலிருந்து எடுத்ததில் 1 சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்தால், பின்பக்கம் விடுபட்டிருக்கிறது. அம்மா போகுமுன் அளக்க வேண்டும்.

பாவம் பார்த்து அரைகுறையாக அழுத்துவது

மார்பைத் தட்டுகளுக்கிடையே சரியாக அழுத்தாவிட்டால் படம் கலங்கும், கதிர் கூடும். பிறகு இன்னொரு தடவை அழுத்த வேண்டி வரும். பாவம் அப்போது எங்கே போகும்?

பவுடர்

கேட்காமல் விடாதீர்கள். கொழும்பு வெக்கைக்குக் கக்கத்தில் பவுடர் இல்லாமல் யாரும் வருவதில்லை. சிலவேளை அது படத்தில், மார்பில் படியும் சுண்ணாம்புப் புள்ளிபோல விழும்.

தாலிக்கொடி

கழற்றச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். முதுகுப் பக்கம் போட்டால் போதும்.

பழைய படங்கள்

ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டு வாங்குங்கள். வீட்டு அலுமாரிக்குள்தான் கிடக்கும்.